தண்ணிக்குள்ள நழுவுற மோனோமர்: சஸ்பென்ஷன் கோபாலிமரைசேஷன்ல ரெசிபியும் மணியும் ஏன் ஒத்துப்போறதில்ல

ஸ்டைரீன், அக்ரிலோநைட்ரைல் ரெண்டும் மோனோமர், அதாவது கோத்து பாலிமர் சங்கிலி ஆகற சின்ன மூலக்கூறுகள். 70 கிலோ ஸ்டைரீன், 30 கிலோ அக்ரிலோநைட்ரைல் போட்டு சஸ்பென்ஷன்ல, அதாவது தண்ணியில துளித்துளியா மிதக்க விட்டு, ரெண்டையும் ஒரே சங்கிலியா கோக்கற கோபாலிமரைசேஷன் ஓட்டினா, வர்ற மணிகள்ல 30 சதவீதம் அக்ரிலோநைட்ரைல் இருக்கும்னுதான் முதல் தடவை பண்றவங்க நினைப்பாங்க. அப்படி இருந்தா நைட்ரஜன் அனாலிசிஸ்ல 7.9 சதவீதம் கிட்ட வரணும், ஆனா பாதி கன்வெர்ஷன்ல (மோனோமர்ல பாதி பாலிமரா மாறினப்ப) எடுத்த மணியில அதை விடக் குறைவா வரும், கடைசியில எடுத்தா வேற நம்பர் வரும், கூடவே மணியைப் பிரிச்சு எடுத்ததுக்கு அப்புறம் மிஞ்சற தண்ணி பால் மாதிரி வெள்ளையா இருக்கும். புக்ல இருக்கற ரியாக்டிவிட்டி ரேஷியோவை (எந்த மோனோமர் எதோட சேர விரும்பும்ங்கற அளவு) போட்டு கணக்குப் பார்த்தாலும் ஒத்து வராது. உடனே ரேஷியோ தப்பு, இனிஷியேட்டர் (ரியாக்‌ஷனை ஆரம்பிச்சு வைக்கற பொருள்) பழசு, ஸ்டிரர் (கலக்கி) வேகம் பத்தலன்னு ஒவ்வொண்ணா சந்தேகப்பட ஆரம்பிப்பாங்க.

பெரும்பாலும் இது எதுவுமே காரணம் இல்ல. நாம கணக்குல சேர்க்காம விட்ட ஒண்ணுதான் காரணம், அது தண்ணி. சஸ்பென்ஷன்ல தண்ணி சூட்டை எடுத்துட்டுப் போறதுக்கு மட்டும் இருக்கற மீடியம்னு சொல்லிக் குடுக்கறாங்க. ஒரே மோனோமர், அதுவும் ஸ்டைரீன் மாதிரி தண்ணியில கரையாத மோனோமர்னா அது சரிதான். ரெண்டு மோனோமர் போட்டு, அதுல ஒண்ணு தண்ணியில கரையும்னா, தண்ணியும் ரெசிபியில ஒரு பங்காளி ஆயிடுது.

முதல்ல அடிப்படை: துளிக்குள்ள என்ன நடக்குது

மோனோமரைத் தண்ணியில ஊத்தி வேகமா கலக்கினா துளித்துளியா உடையும், ஒவ்வொரு துளியும் பத்து மைக்ரான்ல இருந்து ரெண்டு மூணு மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கலாம். துளிகள் ஒட்டிக்காம இருக்க தண்ணியில பாலிவினைல் ஆல்கஹாலோ டிரைகால்சியம் பாஸ்பேட் மாதிரி ஒரு நுண்பொடியோ போட்டிருப்பாங்க, இதைத்தான் ஸ்டெபிலைசர்னு சொல்றது. இனிஷியேட்டர் எண்ணெய்ப் பக்கம் கரையற ஆளு, பென்சாயில் பெராக்சைடு, லாராயில் பெராக்சைடு, ஏஐபிஎன் இந்த மாதிரி. சூடு ஏத்தினதும் துளிக்குள்ளயே ராடிக்கல் (ஜோடி சேராத எலக்ட்ரானோட, உடனே எதையாவது பிடிக்கத் துடிக்கற மூலக்கூறு) பொறந்து, துளிக்குள்ளயே பாலிமர் வளர்ந்து, கடைசியில ஒரு துளி ஒரு மணியா கெட்டி ஆகுது. அதனாலதான் ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி பல்க் ரியாக்டர்னு (தண்ணியோ கரைப்பானோ இல்லாம மோனோமரை மட்டும் வெச்சு ஓட்டறது பல்க்) சொல்றாங்க.

ரெண்டு மோனோமர் இருந்தா எது எவ்வளவு சங்கிலிக்குள்ள போகும்ங்கறதை முடிவு பண்றது ரெண்டு விஷயம். ஒண்ணு ரியாக்டிவிட்டி ரேஷியோ, அதாவது ஒரு சங்கிலியோட நுனியில இருக்கற ராடிக்கல் தன் இனத்தையே சேர்த்துக்குமா இல்ல அடுத்த இனத்தைச் சேர்த்துக்குமாங்கற விருப்ப அளவு. இன்னொண்ணு அந்த ராடிக்கலைச் சுத்தி அந்த நிமிஷம் எந்த மோனோமர் எவ்வளவு இருக்குங்கறது. 1944-ல வந்த மேயோ–லூயிஸ் சமன்பாடு இந்த ரெண்டையும்தான் இணைக்குது. அதுல போட வேண்டியது ராடிக்கல் நிக்கற இடத்துல இருக்கற விகிதம், நாம தராசுல எடை போட்ட விகிதம் இல்ல. பல்க்ல ரெண்டும் ஒண்ணுதான். சஸ்பென்ஷன்ல ஒண்ணா இருக்கணும்னு கட்டாயமே கிடையாது, இந்தக் கட்டுரையில வர்ற எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்துல இருந்து கிளைக்கறதுதான்.

எது எவ்வளவு கரையும்

அறை வெப்பநிலையில ஒரு லிட்டர் தண்ணியில சுமாரா இவ்வளவு கரையும்:

1. ஸ்டைரீன்: 0.3 கிராம். நடைமுறையில கரையலன்னே வெச்சுக்கலாம். டைவினைல் பென்சீன் இதை விடக் குறைவு.
2. பியூட்டைல் அக்ரிலேட்: 1.5ல இருந்து 2 கிராம்.
3. மெத்தில் மெத்தக்ரிலேட்: 15 கிராம்.
4. வினைல் அசிடேட்: 20ல இருந்து 25 கிராம்.
5. மெத்தில் அக்ரிலேட்: 50 கிராமை ஒட்டி.
6. அக்ரிலோநைட்ரைல்: 70 கிராமுக்கு மேல.
7. மெத்தக்ரிலிக் ஆசிட்: 90 கிராம் கிட்ட.
8. அக்ரிலிக் ஆசிட், ஹைட்ராக்சி எத்தில் மெத்தக்ரிலேட்: எந்த அளவுலயும் கலந்துடும்.

ஸ்டைரீனுக்கும் அக்ரிலோநைட்ரைலுக்கும் நடுவுல இருநூறு மடங்குக்கு மேல இடைவெளி இருக்கு. இந்த ரெண்டையும் ஒரே ரியாக்டர்ல போட்டா ஒண்ணு துளிக்குள்ளயே அடங்கி உக்காந்துக்கும், இன்னொண்ணு வெளியும் உள்ளயுமா நடமாடும்.

இங்க ஒரு தப்புக் கணக்கு அடிக்கடி நடக்குது. லிட்டருக்கு 70 கிராம்ங்கறது சுத்தமான அக்ரிலோநைட்ரைல் தண்ணியோட தொட்டுக்கிட்டு இருக்கும்போது. துளியில ஸ்டைரீனும் கலந்திருந்தா அக்ரிலோநைட்ரைலுக்குத் துளிக்குள்ளயே இருக்க ஒரு இடம் கிடைக்குது, அதனால தண்ணிக்குப் போறது குறையும். துளிக்கும் தண்ணிக்கும் நடுவுல எப்படிப் பிரிஞ்சு நிக்குதுங்கற இந்த விகிதத்துக்குத்தான் பார்ட்டிஷன் கோ-எஃபிஷியன்ட்னு பேர், பங்கீட்டு எண்னு சொல்லலாம். கணக்குக்கு வேண்டியது இந்த எண்தான், கரைதிறன் அட்டவணை ஒரு முதல் மதிப்பீடு குடுக்கும், அவ்வளவுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

70 கிலோ ஸ்டைரீன், 30 கிலோ அக்ரிலோநைட்ரைல். எளிமைக்காக, துளியில அக்ரிலோநைட்ரைலோட எடைப் பங்கு எவ்வளவோ அதே பங்குக்கு தண்ணியில அதோட முழுக் கரைதிறன்ல கரையுதுன்னு வெச்சுக்குவோம். அதாவது துளியில கால்வாசி இருந்தா, தண்ணியில ஒரு கிலோவுக்கு 70 கிராம்ல கால்வாசி.

தண்ணி 200 கிலோன்னா சுமார் 3.8 கிலோ அக்ரிலோநைட்ரைல் தண்ணிக்குப் போயிடும். துளியில மிச்சம் 26.2 கிலோ, சதவீதமா பார்த்தா 27. தண்ணியை 400 கிலோ ஆக்கினா 7 கிலோ வெளிய போகும், துளியில 25 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழ. ரெசிபியில ஒரு கிராம் மோனோமர் கூட மாத்தல, தண்ணியை மட்டும்தான் மாத்தினோம், ஆனா ரியாக்‌ஷன் நடக்கற இடத்துல விகிதம் 30, 27, 25னு இறங்கிட்டே போகுது. லேப்ல ஒரு பங்கு மோனோமருக்கு நாலு பங்கு தண்ணி போட்டு வேலை பண்ணிட்டு, பிளான்ட்ல ரெண்டு பங்கு போட்டா ஏன் காம்போசிஷன் (பாலிமர்ல எந்த மோனோமர் எத்தனை பங்குங்கறது) மாறுதுன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில். உண்மையில அக்ரிலோநைட்ரைலுக்கு ஸ்டைரீனோட அவ்வளவு ஒட்டுதல் கிடையாது, சூட்டுல கரைதிறனும் ஏறும், அதனால இந்தக் கணக்கை விட அதிகமா வெளிய போகத்தான் வாய்ப்பு.

இனி இந்த விகிதம் பாலிமரை என்ன பண்ணுதுன்னு பாருங்க. ஸ்டைரீனோட ரியாக்டிவிட்டி ரேஷியோ சுமார் 0.4, அக்ரிலோநைட்ரைலோடது சுமார் 0.04. ரெண்டும் ஒண்ணுக்குக் கீழ, அப்படின்னா ரெண்டுமே அடுத்த இனத்தைத்தான் விரும்பும். இந்த மாதிரி ஜோடிக்கு ஒரு குறிப்பிட்ட விகிதத்துல உள்ள போற மோனோமரும் உருவாகற பாலிமரும் ஒரே காம்போசிஷன்ல இருக்கும், இதை அசியோட்ரோப்னு சொல்வாங்க. இந்த ஜோடிக்கு அது எடையில 24 சதவீதம் அக்ரிலோநைட்ரைல் கிட்ட வருது.

பல்க்ல 30 சதவீதத்துல ஆரம்பிச்சா முதல்ல உருவாகற பாலிமர்ல சுமார் 26 சதவீதம் அக்ரிலோநைட்ரைல் இருக்கும். 400 கிலோ தண்ணியில பண்ணினா துளி கிட்டத்தட்ட அசியோட்ரோப்லயே நிக்குது, முதல் பாலிமர்ல 24 சொச்சம். பார்க்க நல்லா இருக்கு, தண்ணியே நமக்கு டிரிஃப்ட்டை (போகப் போக காம்போசிஷன் விலகறதை) சரி பண்ணிக் குடுத்துடுச்சுன்னு தோணும். அது தப்பு, ஏன்னா தண்ணிக்குள்ள போன 7 கிலோ அங்கேயே இருக்காது.

துளிக்குள்ள மோனோமர் செலவாகச் செலவாக தண்ணியில இருக்கற அக்ரிலோநைட்ரைல் திரும்பி உள்ள வரும். வங்கியில போட்ட பணம் மாதிரி, ஆரம்பத்துல எடுத்து வெச்சு கடைசியில திருப்பிக் குடுக்குது. ஸ்டைரீன் 90 சதவீதம் முடிஞ்ச நேரத்துல மிச்சம் 7 கிலோ ஸ்டைரீன் இருக்கும், அக்ரிலோநைட்ரைல் மொத்தமா 8 கிலோவை ஒட்டி மிச்சம் இருக்கும். ஆரம்பத்துல மூணுல ஒரு பங்கு கூட இல்லாதது இப்ப பாதிக்கு மேல ஆயிடுச்சு. அந்த நேரத்துல உருவாகற பாலிமர் 30 சதவீதத்தைத் தொடும், ஸ்டைரீன் தீர்ந்ததும் வர்ற கடைசித் துண்டுகள் கிட்டத்தட்ட வெறும் அக்ரிலோநைட்ரைல் சங்கிலிதான்.

இதோட விளைவு கண்ணுக்கே தெரியும். ஸ்டைரீன்–அக்ரிலோநைட்ரைல் கோபாலிமர்ல ரெண்டு சங்கிலிகளுக்கு நடுவுல அக்ரிலோநைட்ரைல் அளவு நாலஞ்சு சதவீதம் வித்தியாசப்பட்டாலே அதுங்க ஒண்ணோட ஒண்ணு கலக்காம தனித்தனியா பிரிய ஆரம்பிக்கும். ஒரே மணிக்குள்ள 24லயும் 30லயும் சங்கிலி இருந்தா, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய பிளாஸ்டிக் புகை பிடிச்ச மாதிரி மங்கலா வரும். நைட்ரைல் குரூப்கள் வரிசையா பக்கத்துல பக்கத்துல இருக்கற துண்டுகள் சூட்டுல வளையம் கட்டி நிறம் மாறும், அதனால மோல்டிங் பண்ணும்போது மஞ்சள் அடிக்கும். நிறம் மோசமா இருக்குன்னு ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்தி மாத்திப் போட்டுப் பார்ப்பாங்க. கோளாறு இருக்கறது கடைசி ஒரு மணி நேர ரியாக்‌ஷன்ல.

தண்ணியில இருந்து துளிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்

மோனோமர் தண்ணிக்கும் துளிக்கும் போய் வரணும்னா நேரம் வேணாமா, அதுக்குள்ள ரியாக்‌ஷன் முடிஞ்சுடாதான்னு கேக்கலாம், நியாயமான கேள்வி. ஒரு துளியோட ஆரத்தை வர்க்கப்படுத்தி டிஃப்யூஷன் எண்ணால (மூலக்கூறு எவ்வளவு வேகமா பரவுதுங்கற அளவு) வகுத்தா தோராயமான நேரம் கிடைக்கும். 200 மைக்ரான் விட்டமுள்ள துளி, அதாவது 100 மைக்ரான் ஆரம். ஆரம்பத்துல துளி வெறும் திரவம், டிஃப்யூஷன் எண் வினாடிக்கு சுமார் 1000 சதுர மைக்ரான். 100-ஐ வர்க்கப்படுத்தினா 10,000, அதை 1000-ஆல வகுத்தா 10 வினாடி. ரியாக்‌ஷன் பல மணி நேரம் ஓடுது, போக்குவரத்துக்குப் பத்து வினாடி போதும். அதனால முதல் பாதியில தண்ணியும் துளியும் எப்பவும் சமநிலையில இருக்குன்னு தைரியமா எடுத்துக்கலாம்.

கன்வெர்ஷன் ஏற ஏற கதை மாறுது. துளி தேன் மாதிரி ஆகி, அப்புறம் ரப்பர் மாதிரி ஆகி, கடைசியில கண்ணாடி மாதிரி இறுகும்போது டிஃப்யூஷன் ஆயிரம் மடங்கு குறைஞ்சாலே அந்தப் பத்து வினாடி 10,000 வினாடி ஆயிடும், கிட்டத்தட்ட மூணு மணி நேரம். அப்ப தண்ணியில இருந்து வர்ற மோனோமர் மணியோட நடு வரைக்கும் போக முடியாம ஓரத்துலயே ரியாக்ட் ஆகுது. வெளித்தோல் ஒரு காம்போசிஷன், உள்சதை வேற காம்போசிஷன். பெரிய மணின்னா இன்னும் மோசம், விட்டம் ரெண்டு மடங்கு ஆனா நேரம் நாலு மடங்கு. ஒரே பேட்ச்ல சல்லடை போட்டுப் பிரிச்ச சின்ன மணியும் பெரிய மணியும் கொஞ்சம் வேற மாதிரி நடந்துக்க இது ஒரு காரணம்.

புக்ல இருக்கற ரேஷியோ தப்பா?

சஸ்பென்ஷன்ல எடுத்த டேட்டாவை மேயோ–லூயிஸ்ல பொருத்தி, பல்க்ல வந்ததை விட வேற ரியாக்டிவிட்டி ரேஷியோ வந்திருக்குன்னு எழுதறது சாதாரணமா நடக்குது. அப்படி வர்ற எண்ணுக்குத் தோற்ற ரேஷியோன்னு பேர் வைக்கலாம், ஏன்னா அது ராடிக்கலோட விருப்பத்தை அளக்கல, விருப்பமும் பங்கீடும் சேர்ந்த கலவையை அளக்குது. தண்ணி அளவை மாத்தினா அந்த எண்ணும் மாறிடும், அப்படி மாறற ஒண்ணை அந்த ஜோடியோட குணம்னு சொல்ல முடியாது. நல்ல சோதனை இதுதான்: தண்ணி–மோனோமர் விகிதத்தை மட்டும் மாத்தி ரெண்டு தடவை ஓட்டுங்க, காம்போசிஷன் மாறினா பிரச்சனை பங்கீட்டுல இருக்கு.

ஒரு விதிவிலக்கும் சொல்லணும். அக்ரிலிக் ஆசிட், மெத்தக்ரிலிக் ஆசிட் மாதிரி ஹைட்ரஜன் பிணைப்பு போடற மோனோமர்களுக்குச் சுத்தி இருக்கற திரவம் மாறினா நிஜமான ரியாக்டிவிட்டியே மாறும், தண்ணிக்குள்ள ஒரு வேகம், எண்ணெய்க்குள்ள ஒரு வேகம். அங்க ரெண்டு விளைவும் பின்னிக் கிடக்கும், பிரிச்சுப் பார்க்கறது சிரமம்.

தண்ணி ஏன் பால் ஆகுது

இதுவரைக்கும் தண்ணியில போன மோனோமர் சும்மா காத்திருந்துட்டு திரும்பி வருதுன்னு பார்த்தோம். அது அங்கேயே பாலிமர் ஆகவும் செய்யும். ஏஐபிஎன் மாதிரி இனிஷியேட்டர் தண்ணியிலயும் கொஞ்சமே கொஞ்சம் கரையும். அதுல இருந்து தண்ணிக்குள்ள பொறக்கற ராடிக்கல் பக்கத்துல இருக்கற அக்ரிலோநைட்ரைலையோ மெத்தில் மெத்தக்ரிலேட்டையோ பிடிச்சு வளர ஆரம்பிக்கும். கொஞ்ச நீளம் வளர்ந்ததும் அந்தச் சங்கிலியால தண்ணியில கரைஞ்சு இருக்க முடியாது, சுருண்டு ஒரு நுண்துகளா விழும். ஸ்டைரீன்ல தண்ணிக்குள்ள மோனோமரே இல்லாததால இது ரொம்பக் குறைவு. நாம போட்ட பாலிவினைல் ஆல்கஹால் துளிகளைக் காப்பாத்தற மாதிரியே இந்த நுண்துகள்களையும் போர்த்திக் காப்பாத்தும். அப்புறம் அந்தத் துகள் தண்ணியில இருந்து மோனோமரை உறிஞ்சி தனியா வளரும். ஒரே பாத்திரத்துல நமக்குத் தெரியாம ஒரு எமல்ஷன் பாலிமரைசேஷன் (துளியில இல்லாம தண்ணிக்குள்ள நுண்துகள்களா பாலிமர் உருவாகற முறை) நடந்துட்டு இருக்கு.

இதை ரொம்ப சுலபமா கண்ணால பார்க்கலாம். ரியாக்டர்ல இருந்து கொஞ்சம் ஸ்லரியை (மணியும் தண்ணியும் கலந்தது) அளவு சிலிண்டர்ல எடுத்து ஆடாம வெச்சா மணிகள் ஒரு நிமிஷத்துல கீழ போய் உக்காந்துடும். மேல நிக்கற தண்ணி தெளிஞ்சு இருந்தா நல்லது. நீலம் கலந்த மங்கல் தெரிஞ்சா நுண்துகள் ஆரம்பிச்சாச்சு. ராத்திரி முழுக்க வெச்சும் தெளியாத பால் வெள்ளைன்னா அதுல இருக்கறது ஒரு மைக்ரானுக்கும் கீழான துகள்கள், அது தானா கீழ இறங்கவே இறங்காது. மேல் தண்ணியில பத்து கிராம் எடுத்து அடுப்புல வறட்டி மிச்சத்தை எடை போட்டு, போட்ட ஸ்டெபிலைசரோட எடையைக் கழிச்சா எவ்வளவு மோனோமர் இப்படி வீணாப் போச்சுன்னு தெரிஞ்சுடும்.

வீணாப் போறது மட்டும் இல்ல. இந்த நுண்துகள் மணி மேல ஒட்டி உலர்ந்ததும் மாவு பூசின மாதிரி இருக்கும், ஃபில்டர் துணியை அடைக்கும், ரியாக்டர் சுவத்துல படிஞ்சு சூடு கடத்தறதைக் குறைக்கும். ஸ்டெபிலைசரைப் பிடுங்கிக்கறதால மணிகள் ஒட்டற பருவத்துல, அதாவது துளி பசை மாதிரி இருக்கற நடுக் கட்டத்துல, போதுமான பாதுகாப்பு இல்லாம ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கட்டி ஆகவும் வாய்ப்பு உண்டு. தண்ணி பால் ஆயிடுச்சேன்னு பாலிவினைல் ஆல்கஹாலைக் கூட்டறவங்க நிலைமையை இன்னும் கெடுத்துக்கறாங்க.

துளியோட அளவும் உள்ளே நுழையற தண்ணியும்

போலார் மோனோமர் (அக்ரிலேட் மாதிரி தண்ணியோட கொஞ்சம் ஒட்டறது) சேர்த்தா துளிக்கும் தண்ணிக்கும் நடுவுல இருக்கற இழுவிசை குறையும், அதே ஸ்டிரர் வேகத்துல துளி சின்னதா உடையும். அக்ரிலேட் அளவைக் கூட்டினதும் மணி சின்னதாயிடுச்சுன்னா ஸ்டிரரைத் திட்ட வேண்டாம்.

ஆஸ்ட்வால்ட் ரைப்பனிங் பத்தியும் நிறைய பேர் கவலைப்படறாங்க. சின்னத் துளியில இருக்கற மோனோமர் தண்ணி வழியா பெரிய துளிக்குப் போய்ச் சேர, சின்னது காணாமப் போறதுதான் அது, கரைதிறன் கூடினா இதோட வேகமும் கூடும். ஆனா நூறு மைக்ரான் துளிகளுக்கு இது ஒரு பொருட்டே இல்ல. ஒரு மைக்ரானை ஒட்டின துளிகள்ல மட்டும்தான் கவலைப்படணும், அங்க ஹெக்சாடெக்கேன் மாதிரி தண்ணியில கரையவே கரையாத ஒண்ணைக் கொஞ்சம் சேர்த்து நிறுத்துவாங்க.

எதிர்த்திசையும் இருக்கு. அக்ரிலோநைட்ரைல் தண்ணியில கரையற மாதிரி தண்ணியும் அதுல சுமார் 3 சதவீதம் கரையும். துளிக்குள்ள அப்படி நுழைஞ்ச தண்ணி, மோனோமர் பாலிமரா மாறினதும் இருக்க இடம் இல்லாம நுண்குமிழ்களா பிரிஞ்சு நிக்கும். மணி வெள்ளையா ஒளி ஊடுருவாம வர இதுவும் ஒரு காரணம். காம்போசிஷன் மங்கலுக்கும் இதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு மணியை நல்லா உலர்த்தி, இளகற அளவுக்குச் சூடு பண்ணி அழுத்தித் தகடாக்கிப் பாருங்க, தெளிஞ்சா தண்ணி, தெளியலன்னா காம்போசிஷன்.

முழுசா கரையற மோனோமர்னா

அக்ரிலிக் ஆசிட், ஹைட்ராக்சி எத்தில் மெத்தக்ரிலேட் மாதிரி ஆட்களை சாதாரணத் தண்ணியில சஸ்பென்ஷன் பண்ண முயற்சி பண்றது கிட்டத்தட்ட வீண், பெரும்பகுதி துளிக்குள்ள நிக்கவே நிக்காது. ஆசிட்டுக்கு மட்டும் பிஹெச் ஒரு கைப்பிடி குடுக்குது. அக்ரிலிக் ஆசிட்டோட பிகேஏ (பாதி ஆசிட் உப்பா மாறியிருக்கற பிஹெச்) 4.25 கிட்ட, மெத்தக்ரிலிக்கோடது 4.65 கிட்ட. பிஹெச்-ஐ 2, 3ல வெச்சா பெரும்பாலும் ஆசிட் வடிவத்துலயே இருக்கும், எண்ணெய்ப் பக்கம் வர ஓரளவு சம்மதிக்கும். 7ல வெச்சா உப்பா மாறி முழுக்க தண்ணிக்குப் போயிடும், துளியில ஒண்ணுமே மிஞ்சாது. பஃபர் (பிஹெச் மாறாம வைக்கற உப்பு) போடும்போது இதை மறந்துட்டு கோமோனோமர் எங்க போச்சுன்னு தேடறது பரிதாபமான விஷயம்.

மெத்தக்ரிலிக் ஆசிட்–டைவினைல் பென்சீன் ரெசின் மணிகளை வெறும் தண்ணியில இல்லாம உப்புக் கரைசல்ல பண்றதுக்கும் இதே காரணம்தான். அதுவும் போதலன்னா மீடியத்தையே திருப்பிப் போடணும். மோனோமரைத் தண்ணியில கரைச்சு அந்தத் தண்ணித் துளிகளை சைக்ளோஹெக்சேன் மாதிரி எண்ணெய்ல மிதக்க விடறது, இன்வெர்ஸ் சஸ்பென்ஷன். டயப்பர்ல இருக்கற நீர் உறிஞ்சி பாலிமர்ல ஒரு பகுதி இப்படித்தான் தயாராகுது.

என்ன பண்ணலாம்

1. உப்பு போடுங்க. சோடியம் குளோரைடு கரைஞ்சா தண்ணி மூலக்கூறுகள் அயனிகளைச் சுத்திக்கும், மோனோமருக்கு இடம் குறையும், எண்ணெய்ப் பக்கம் தள்ளப்படும். ரொம்ப நல்ல வழி, செலவும் குறைவு. ஆனா உப்பு ஸ்டெபிலைசரையும் தள்ளும். சோடியம் சல்ஃபேட் பாலிவினைல் ஆல்கஹாலைத் தண்ணியில இருந்தே வெளியேத்திடும், வினைலான் நார் இழுக்கற தொட்டியில அதை உறைய வைக்கறதே சோடியம் சல்ஃபேட்தான். அதனால அந்த ஜோடியைத் தவிர்த்துட்டு, கரையாத நுண்பொடி ஸ்டெபிலைசர் பக்கம் போறது பாதுகாப்பு. குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல குழி பறிக்கும்ங்கறதையும் ரியாக்டர்காரங்க கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

2. தண்ணியைக் குறைங்க. மேல போட்ட கணக்குப்படி பாதி தண்ணின்னா கிட்டத்தட்ட பாதி இழப்பு. ஆனா ஒண்ணுக்கு ஒண்ணுக்கும் கீழ போனா துளிகள் நெருங்கி ஒட்டும், சூடு எடுக்கறதும் கஷ்டம்.

3. தண்ணிப் பக்கம் மட்டும் வேலை செய்யற தடுப்பானைப் போடுங்க. சோடியம் நைட்ரைட் இதுக்குப் பேர் போனது, தண்ணிக்குள்ள பொறக்கற ராடிக்கலை அங்கேயே முடிச்சுடும், துளிக்குள்ள போகாது. பிஹெச் அமிலப் பக்கம் இருந்தா மட்டும் கவனம், அப்ப நைட்ரஸ் ஆசிட் ஆகி நைட்ரஜன் ஆக்சைடுகள் கிளம்பி எண்ணெய்க்குள்ளயும் புகுந்து ரியாக்‌ஷனையே இழுத்தடிக்கும். இதையும் அக்ரிலிக் ஆசிட்டுக்காகக் குறைச்ச பிஹெச்சையும் ஒரே ரெசிபியில போட்டா ரெண்டும் மோதிக்கும். இது பால் தண்ணியைத் தீர்க்கும், காம்போசிஷனைத் தீர்க்காது, ஏன்னா மோனோமர் தண்ணியிலதான் இன்னும் இருக்கு.

4. இனிஷியேட்டரை மாத்துங்க. ஏஐபிஎன்னுக்கும் லாராயில் பெராக்சைடுக்கும் பத்து மணி நேர அரை ஆயுள் வெப்பநிலை (பத்து மணி நேரத்துல பாதி சிதையற வெப்பநிலை) 65, 62 டிகிரின்னு பக்கத்துல பக்கத்துல இருக்கு, ஆனா லாராயில் தண்ணியில கரையவே கரையாத நீளச் சங்கிலி. ரியாக்‌ஷன் வெப்பநிலையை அதிகம் தொடாம மாத்திக்கலாம்.

5. மோனோமரைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. ஸ்டைரீன்–அக்ரிலோநைட்ரைல்ல சீக்கிரம் தீர்ந்து போறது ஸ்டைரீன், அதனால அதுல ஒரு பங்கை எடுத்து வெச்சு, தண்ணியில இருந்து அக்ரிலோநைட்ரைல் திரும்பி வர்ற வேகத்துக்கு ஈடா பின்னாடி சேர்த்தா துளிக்குள்ள விகிதம் நிக்கும். என் பார்வையில காம்போசிஷன் பிரச்சனைக்கு இதுதான் நேரடியான மருந்து, மத்ததெல்லாம் அளவைக் குறைக்கறது, இது காரணத்தையே தொடுது. ஒண்ணு மட்டும், மணி இறுகினதுக்கு அப்புறம் விட்டா புது மோனோமர் தோல்லயே நின்னுடும், அதனால நடுக் கட்டத்துக்குள்ள சேர்த்து முடிச்சுடணும்.

6. கடைசியில மிச்ச மோனோமரைப் பாலிமர் ஆக்கிடலாம்னு வெப்பநிலையை ஏத்தறதுக்கு முன்னாடி யோசிங்க. அந்த மிச்சத்துல பெரும்பகுதி அக்ரிலோநைட்ரைல், அதைத்தான் மஞ்சள் அடிக்கற துண்டா மாத்தப் போறீங்க. 95 சதவீதத்துல நிறுத்திட்டு, நீராவி விட்டு மிச்சத்தை வெளியேத்திப் பிடிச்சுக்கறது நல்லது. அக்ரிலோநைட்ரைல் விஷம், அதை சாக்கடைத் தண்ணியில விடவே கூடாது. அதே தண்ணியை அடுத்த பேட்ச்சுக்குத் திரும்ப எடுத்தா அதுல ஏற்கனவே கரைஞ்சிருக்கற மோனோமரையும் கணக்குல சேர்க்கணும், சேர்க்கலன்னா ரெண்டாவது பேட்ச்ல இருந்து காம்போசிஷன் மெதுவா ஏறும்.

பங்கீட்டு எண்ணை எப்படி அளக்கறது

இதுக்குப் பெரிய கருவி வேண்டாம். ரெசிபியில இருக்கற அதே மோனோமர் கலவை, அதே தண்ணி, அதே உப்பு, இனிஷியேட்டர் மட்டும் இல்லாம, கூட ஒரு இன்ஹிபிட்டர் (பாலிமர் ஆகாம தடுக்கற பொருள்) கொஞ்சம் போட்டு மூடி இறுக்கமான பாட்டில்ல ரியாக்‌ஷன் வெப்பநிலையில ஒரு மணி நேரம் குலுக்கி, நிக்க வெச்சு ரெண்டு அடுக்கையும் கேஸ் குரோமட்டோகிராஃப்ல தனித்தனியா பாருங்க. அறை வெப்பநிலையில எடுத்த எண்ணை 70 டிகிரி ரியாக்‌ஷனுக்குப் போடாதீங்க. அப்புறம் இன்னொரு பாட்டில்ல, எண்ணெய் அடுக்குல நீங்க பண்ற கோபாலிமரையே முப்பது சதவீதம் கரைச்சு இதையே திரும்பப் பண்ணுங்க, ஏன்னா பாலிமர் உருவானதுக்கு அப்புறம் துளி மோனோமரைப் பிடிச்சு வைக்கற விதமும் மாறும். இந்த ரெண்டு எண்ணும் கையில இருந்தா மேயோ–லூயிஸ் கணக்குல துளிக்குள்ள இருக்கற உண்மையான விகிதத்தைப் போடலாம், புக்ல இருக்கற 0.4ம் 0.04ம் அப்படியே வேலை செய்யும்.